தழைக்கட்டும் தியான வகுப்பும்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதமும், கூடவே வைத்திருந்த படக்கதைப் பக்கமும் வந்து சேர்ந்தன. ரெண்டு வரியில் பதில் போட்டு அனுப்பியிருக்கலாம். நீங்கள் கேட்டிருந்தது ரெண்டு வரியில் முடிகிற சங்கதியாகப் படவில்லை, அதனால்தான் தாமதம்.

நீங்கள் எழுதியிருந்தது இது: ஓ.எம்.ஆர். கம்பெனியில் வேலை. அங்கே வாரத்தில் சில நாள் 'மைண்ட்ஃபுல்னஸ்' வகுப்பு. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள். கவனித்ததில் படபடப்பு குறைந்திருக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறது. ஆனால் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து படக்கதை ஒரு பக்கம்கூட நகரவில்லை. 'மனசு அமைதியானா கற்பனை தானா வரும்னு சொன்னாங்க அண்ணா, எனக்கு அமைதி மட்டும்தான் வந்துச்சு' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதோடு இன்னொரு புகார்: காசிமேட்டில் வீட்டில் உட்கார்ந்து பயிற்சி செய்யவே முடியவில்லை. ஐஸ் உடைக்கிற சத்தம், மீன் லாரி, தெருமுனை கேரம் போர்டு, மாடிக்குப் போனால் கருவாட்டு வாசம்.

வகுப்பு உங்களை ஏமாற்றவில்லை. அது எதைச் சொல்லித்தருகிறதோ அது உங்களுக்கு வந்துவிட்டது. இன்றைக்குக் கம்பெனி கம்பெனியாக நடக்கிற இந்தப் பயிற்சிக்கு வித்து போட்டவர் ஜான் கபாட்-ஜின். 1979-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஆரம்பித்தார். மருந்துக்கு அடங்காத வலியோடு வந்தவர்கள், பதற்றத்தோடு வந்தவர்கள், இவர்களுக்காக. பௌத்தத் தியானத்தை எடுத்து, மத அடையாளங்களைக் கழற்றிவிட்டு, எட்டு வாரப் பாடமாக்கினார். வலியைத் தாங்குவதற்காக வந்த முறை வலியைத் தாங்கத்தான் முதலில் கைகொடுக்கும். படம் வரையவும் அதுவே சொல்லித்தர வேண்டும் என்று அதன் தலையில் பாரம் ஏற்றுவது நியாயமில்லை.

நீங்கள் தேடுவது வேறு வகைக் கவனம். இதை ஆராய்ச்சிக்காரர்களும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் லெய்டன் பல்கலைக்கழகத்தில் லோரென்சா கொல்சாட்டோவும் அவருடைய சகாக்களும் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தியானம் பழகியவர்களை இரண்டு விதமாக உட்காரவைத்தார்கள். ஒன்றில் ஒரே பொருள்மேல் மனத்தை நிறுத்த வேண்டும். மற்றதில் வருகிற எண்ணம், சத்தம், உணர்வு எதையும் தடுக்காமல் வாசலைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு செங்கல், பேனா மாதிரி சாதாரணப் பொருள்களைச் சொல்லி, இவற்றை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். இரண்டாவது விதமாக உட்கார்ந்து எழுந்தபோதுதான் யோசனைகள் பெருகின. கொஞ்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வு, அதையே வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 2014-இல் ஆம்ஸ்டர்டாமில் மத்தைஸ் பாஸ் குழுவினர் வேறு வழியாகப் போய் அதே பக்கத்தில்தான் கரையேறினார்கள். 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருப்பதைப் பிரித்துப் போட்டுப் பார்த்ததில், சுற்றி நடப்பதைக் கூர்ந்து கவனிக்கிற திறன்தான் படைப்புத் திறனோடு திரும்பத் திரும்ப ஒட்டி வந்தது.

ஹார்வர்டில் எலென் லாங்கர் என்ற உளவியலாளர் இருக்கிறார். 1989-இல் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்றே தலைப்பு வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொல்லும் முறைக்குத் தியானமே வேண்டியதில்லை. தெரிந்த பொருளில் தெரியாத ஒன்றைப் புதிதாகக் கண்டுகொள்வது, அவ்வளவுதான் அவர் கணக்கில் கவனம். கண்ணை மூட வேண்டாம், பாய் விரிக்க வேண்டாம்.

நம் கடற்கரைக்கு வருகிறேன். கோலா மீன் தெரியும் உங்களுக்கு. தண்ணீருக்கு மேலே எகிறிப் பறக்குமே, அது. கோடையில் கூட்டமாக வரும். நாகப்பட்டினம் பக்கத்து மீனவர்கள் அதைப் பிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். செடிகொடி, தழைகளைக் கட்டாகக் கட்டி, கயிற்றில் கோத்துக் கடலில் மிதக்க விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கோலா அந்தக் கட்டைச் சுற்றி மொய்க்கும். வலையால் அள்ளிக்கொள்வார்கள். மிதக்கிற பாசி, தழை இவற்றில்தான் அந்த மீன் முட்டையிடும். தழைக்கட்டு அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-களில் இந்த மீன்பிடியைப் பற்றி விவரமாக எழுதிவைத்திருக்கிறார். தழைக்கட்டை முதன்முதலில் கடலில் போட்டவர் யாரென்று மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.

அந்த ஆளைப் பற்றித்தான் நான் அடிக்கடி யோசிப்பேன். மிதந்து போகிற பாசிக் குப்பையைச் சுற்றி மீன் நிற்பதை அவருக்கு முன்னால் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு அந்த இடத்தில் வலை போட்டு அள்ளிக்கொண்டு வந்திருப்பார்கள். அதுவும் கவனம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருத்தர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றிருக்கிறார். நிழலுக்கு வருகிறதா, தீனிக்கு வருகிறதா? கையை விட்டுப் பாசியைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். கொத்துக் கொத்தாக முட்டை ஒட்டியிருந்திருக்கும். அங்கேயும் விஷயம் முடிந்திருக்கலாம். 'சரி, பாசி வருகிற வரைக்கும் நான் ஏன் காத்திருக்கணும், கரையிலிருந்து நானே தழை கட்டிக்கொண்டு வந்தால் மீன் ஏமாறுமா?' என்று கேட்டாரே, அந்த இடத்தில்தான் படைப்பு பிறக்கிறது. கவனம், ஆர்வம், படைப்பு என்று மூன்றையும் மூன்று அலமாரியில் வைத்துப் பேசுகிறோம். தழைக்கட்டுக்காரருக்கு அவை ஒரே காலைப்பொழுதில் அடுத்தடுத்து வந்திருக்கும். நடுவில் இருக்கிற கேள்வியை எடுத்துவிட்டால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று சந்திக்கவே வழியில்லை. உங்கள் வகுப்பில் விட்டுப்போனது அந்த நடுக்கண்ணிதான். எண்ணம் வந்தால் அதன் பின்னால் போகாதே, மூச்சுக்குத் திரும்பு என்கிறார்கள். தூக்கத்துக்கு அது நல்ல யோசனை. கதைக்கு அதன் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும்.

ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்கு அமைதியைச் சொந்தச் செலவில் வாங்கித் தருவதும், ஆர்வத்தை வாங்கித் தராததும் ஏன் என்று உங்களுக்கே தெரியும். அமைதியான ஊழியர் ராத்திரி பத்து மணிக்கு வரும் மின்னஞ்சலுக்கும் பதில் போடுவார். ஆர்வம் உள்ளவர், 'இது ஏன் ராத்திரி பத்து மணிக்கு வருது?' என்று கேட்பார்.

கட்டுமரத்தையும் ஒரு நிமிஷம் பாருங்கள். நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் என்ற பெருமையோடு முடிந்துவிட்டது. எனக்கு அதில் பிடித்தது வேறு. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். அடுத்த தடவை கடலுக்குப் போகும்போது மறுபடியும் கட்டு. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மரமும் கைபட்டுப் போகும். எது தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டது, எதில் புழு வைத்திருக்கிறது, எந்தக் கயிறு நைந்திருக்கிறது என்று கை பார்த்துச் சொல்லிவிடும். கோலாவுக்குப் போவதென்றால் கூடுதல் மரம் சேர்த்துப் பெரிதாகக் கட்டுவார்கள், அதற்குக் கோலாமரம் என்றே பெயர். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தைக் கிட்டத்தட்ட ஓரங்கட்டிவிட்டன. ஃபைபரைப் பிரித்துக் காயவைக்க முடியாது, எஞ்சினைத்தான் பிரிக்கலாம். அதையும் நம் பையன்கள் பிரிக்காமல் விடுவதில்லை.

இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் துறைமுகம் பக்கம் போயிருந்தேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கிற 61 நாள்தான் காசிமேட்டைப் பார்க்கத் தோதான காலம் என்பது என் கட்சி. மீன் குறைவு, கூட்டம் குறைவு, வேலை மட்டும் குறையாது. ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். வலையின் ஒரு முனை கால் கட்டைவிரலில் மாட்டியிருந்தது, இடது கை கண்ணி கண்ணியாகத் தள்ளிக்கொண்டே போனது. பார்வை என்னவோ எதிரில் பெயின்ட் அடிக்கிறவர் மேல்தான். கை ஓர் இடத்தில் நின்றது, அங்கே ஓட்டை. 'இது பேத்தை' என்றார். சுத்தமாக, கத்தரித்த மாதிரி வெட்டு. பேத்தை மீனின் பல் அப்படி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று: நாலைந்து கண்ணி சின்னாபின்னமாக, நூல் பிசிறோடு. அது நண்டு சிக்கி, எடுக்கிறவன் அவசரத்தில் பிய்த்தது. அப்புறம் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல், அது கீழே பாறையில் மாட்டியது. ஓட்டையைப் பார்த்து, வலை கடலடியில் எங்கே போய் என்ன பட்டது என்பதைக் கரையில் உட்கார்ந்தபடி படித்துக்கொண்டிருந்தார். கிழிசல் எல்லாம் அடிப்பக்கமாகவே இருந்ததால், அடிவரிசைக்குத் தடித்த நூல் போட்டுக்கொண்டு வந்தார். 'நூல் கூடினா வலை கனத்துடாதா?' என்று கேட்டேன். 'கனக்கும். அதுக்குத்தான் ஈயத்தைக் குறைச்சிருக்கேன்' என்று சொல்லி, கட்டியிருந்த ஈயக்குண்டுகளைக் காட்டினார். இதற்கு யாரும் அவருக்குப் புத்தாக்க விருது கொடுக்கப்போவதில்லை. அவரும் எதிர்பார்க்கிற ஆளில்லை.

மீனவர்கள் எல்லாரும் ஞானிகள் என்று நான் சொல்ல வருவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அப்பா கடலுக்குப் போகிறவர் என்று எழுதியிருந்தீர்கள், உங்களிடம் அந்தப் பூச்சுற்றல் செல்லாது. கடலில் கவனம் என்பது வயிற்றுப்பாடு. வலை இழுக்கிற விஞ்ச் ஓடும்போது அசந்தால் விரல் போய்விடும். பசிக்குக் கவனிக்கிறவர்கள் எல்லாருக்கும் கேள்வி கேட்க ஓய்வு கிடைப்பதில்லை. கிடைத்த கேள்வியைச் செய்துபார்க்கக் காசு கிடைப்பதில்லை. அதோடு, இப்போது நிறையக் கேள்விகளுக்கு விடையைக் கருவிகளே சொல்லிவிடுகின்றன. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் வழியாகக் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து மீன் எங்கே கூடும் என்று சொல்கிறது. படகில் எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ். முன்பு கரையில் ஒரு கோபுரத்தையும் ஒரு புகைபோக்கியையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்து இடம் குறித்தார்கள், இன்றைக்கு அது தெரிந்த பையன்கள் குறைவு. இதற்காக நான் ஒப்பாரி வைக்க மாட்டேன். ஜி.பி.எஸ். எத்தனையோ பேரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. விடை முன்னாலேயே வந்துவிட்டால் கேள்வி பிறக்காது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

கவனத்தைப் பற்றியே பேசிய ஒருவரைத் தேடி, கொஞ்சம் தெற்கே அடையாறுக்குப் போவோம். அங்கே தியாசபிகல் சொசைட்டி கடற்கரையில்தான் 1909-இல் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனை அந்த அமைப்பின் முக்கியஸ்தர் லெட்பீட்டர் கண்டெடுத்தார். அந்தச் சிறுவன் வளர்ந்து, தன்னைக் குருவாக்கக் கட்டிய பீடத்தை 1929-இல் கலைத்துவிட்டு, வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய ஒரு விஷயம்: மனத்தை ஒன்றில் குவிப்பது வேறு, கவனிப்பது வேறு. குவிப்பது மற்றதையெல்லாம் வெளியே தள்ளுகிறது. கவனிப்பது எதையும் தள்ளுவதில்லை. அவருடைய கடைசிப் பொதுப்பேச்சும் 1986 ஜனவரியில் சென்னையில், வசந்த விகாரில் நடந்ததுதான். அந்த சொசைட்டி தோட்டத்தை ஒட்டிக் கடலோரமாக ஊரூர் ஆல்காட் குப்பம் இருக்கிறது. அங்கே பாளையம் என்ற மீனவர், காற்றையும் நீரோட்டத்தையும் குப்பத்து மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை சூழல் ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமனோடு சேர்ந்து பதிவு செய்திருக்கிறார். நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி. இவை உங்கள் வீட்டிலும் புழங்குகிற சொற்கள்தாம். கிருஷ்ணமூர்த்தியைப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் அந்தக் குப்பத்துக்குள் நடந்து போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். கவனிப்பது என்றால் என்ன என்று அங்கே கேட்டிருந்தால் யாராவது கையை நீட்டித் தண்ணீரைக் காட்டியிருப்பார்கள்.

இப்போது உங்கள் தெருமுனை கேரம் போர்டு. தொந்தரவு என்று எழுதியிருந்தீர்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா உங்கள் ஏரியாப் பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள், ஜெயிக்கும்போது வயது 17. அந்த ஆட்டத்தை ஒருநாள் நின்று பாருங்கள். ஸ்ட்ரைக்கரை வைத்துச் சுண்டுகிற நொடியில் இருப்பது நீங்கள் வகுப்பில் கற்ற கவனம்: ஒரே காய், ஒரே மூலை, வேறெதுவும் இல்லை. ஆனால் சுண்டுவதற்கு முன்னால் போர்டு முழுக்கப் பார்வை ஓடுமே, அது இன்னொன்று. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு. முதல் அடியில் சிதறிய பிறகு எந்த ஆட்டமும் முந்தைய ஆட்டம் மாதிரி இருக்காது. நேரே போகிற காயை விட்டுவிட்டு, எதிர்ச்சுவரில் அடித்துத் திரும்பி வருகிற வழியில் எதிராளியின் காயை மறைத்து நிற்கிற மாதிரி ஒரு வழி தெரிகிறது பாருங்கள், அது குவிந்த மனத்துக்குத் தெரியாது. அன்றைக்குக் கடல் காற்றில் ஈரம் எவ்வளவு, பவுடர் பிடிக்கிறதா வழுக்குகிறதா என்பதுவரை அந்தப் பார்வைக்குள் வந்துவிடும். இரண்டும் வேண்டும். வரிசை முக்கியம்: விரிந்து பார்த்த பிறகு குவிய வேண்டும். நீங்கள் குவிந்தே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கவனிக்க ஆரம்பித்தால் நல்லதாகவே கண்ணில் படும் என்ற உத்தரவாதம் கிடையாது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து தண்ணீர் ஆழம் குறைவதைச் சொன்னவர்கள் அங்கே தண்ணீரில் இறங்கி இறால் பிடிக்கிறவர்கள். கால் போட்டால் சேறு வர வேண்டிய இடத்தில் வேறென்னவோ வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவியபோதும் அது அவர்களுடைய வலைகளில் தெரிந்தது. 2017-இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' இந்த எண்ணூரிலிருந்துதான் பிறந்தது. கபேர் வாசுகி எழுதியது. கச்சேரி மேடையின் ராகங்கள் சாம்பல் மேட்டின் நடுவே நின்று ஒலித்தன. அமைதியான மனத்தில் ஊறிய பாட்டு இல்லை அது. இது ஏன் இப்படி ஆனது என்று கேட்டவர்கள் போட்ட பாட்டு.

வகுப்பை விட்டுவிடாதீர்கள். தூக்கம் சும்மா கிடைக்கிற சரக்கில்லை. படத்துக்கு மட்டும் அந்த நேரத்தை நம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஏலம் நடக்கும்போது இறங்கிப் போங்கள், காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல். மொத்தத் துறைமுகத்தையும் வரைய வேண்டும் என்று நினைக்காதீர்கள், முடியாது. மீன் வாங்க வந்த அம்மா ஒருத்தர் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற கை போதும். எந்த விரலால் தூக்குகிறார், மற்ற விரல்கள் என்ன செய்கின்றன, செவுள் சிவப்பாக இருந்தும் ஏன் கூடையிலேயே போட்டுவிட்டார்? கடைசிக் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அவரிடமே கேட்டுவிடுங்கள். திட்டினாலும் திட்டுவார். அந்தத் திட்டும் ஒரு கட்டத்துக்குள் வசனமாக உட்காரும்.

உங்கள் படக்கதைப் பக்கத்துக்கு வருகிறேன். கோடு நன்றாக இருக்கிறது. மாடியிலிருந்து பார்த்த கடல், தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற மூன்று கப்பல். மூன்றுக்கும் மூக்கு இடது பக்கம், அதாவது எண்ணூர் பக்கம். பின்பக்கக் கொடியும் அதே இடது பக்கம்தான் பறக்கிறது. நங்கூரம் போட்ட கப்பல் பெரும்பாலும் காற்றுக்கோ நீரோட்டத்துக்கோ எதிராகத்தான் முகத்தைத் திருப்பி நிற்கும். கொடி காற்று போகிற பக்கம் பறக்கும். கப்பல் காற்றுக்கு எதிராக நின்றிருந்தால் கொடி பின்னால் பறந்திருக்க வேண்டும். யாராவது விமர்சகர் இதைத் தவறு என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெற்கிலிருந்து மெல்லிய காற்று, கீழே வன்னி இழுத்துப் பிடித்து ஓடுகிறது என்றால் நீங்கள் வரைந்தது அப்படியே நடக்கும். அப்படியென்றால் அந்தப் பக்கத்துக்கு ஒரு பருவம் வந்துவிடுகிறது, காற்று ஒன்று சொல்ல நீர் வேறொன்று செய்கிற பருவம். உங்கள் கதையில் அன்றைக்கு ஒருவன் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று வாசலில் நிற்கிறானே, அவன் ஏன் தயங்குகிறான் என்பதற்கு நீங்கள் காரணமே வைக்கவில்லை. காரணம் உங்கள் கொடியில் இருக்கலாம்.

என் கணக்கு சரியா என்பதை உங்கள் அப்பாதான் சொல்ல வேண்டும். பக்கத்தைக் காட்டுங்கள். இந்த மாதிரி நாள் வருமா, வந்தால் எந்த மாதத்தில், அன்றைக்கு வலை எந்தப் பக்கம் போகும், சொறிமீன் வருமா என்று கேளுங்கள். அவர் சிரித்தால் எதற்குச் சிரித்தார் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
ராயபுரத்திலிருந்து